நாம் நடாத கண்டல்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியால் தெற்கு நோக்கிச் செல்பவர், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்தின் வழியே பயணம் செய்கிறார். நொச்சிமுனை, நாவற்குடா, சற்றுத் தள்ளித் தாழங்குடா என ஊர்கள் வருகின்றன. நொச்சி ஒரு செடி. நாவல் ஒரு மரம். தாழை கரையோரத்துப் புதர். வாவியின் படுவான்கரையில் உள்ள மண்டூரைத் 'தில்லை மண்டூர்' என்று சொல்வது வழக்கம். தில்லை வாவிக்கரையிலே வளரும் மரம். எமது முன்னோர் ஊருக்குப் பெயர் வைக்கும்போது அங்கு நின்ற மரத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்தையும் அவர்கள் தனித்தனியே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

இன்று எமது நிலைமை வேறு. வாவிக்கரையில் நிற்கும் பச்சையெல்லாம் எமக்குக் 'கண்டல்' என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகிறது. கண்டல் நடுகை என்றால் நீண்ட முளைகளைச் சேற்றில் குத்துவது என்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த முளைகள் ஒருவகைக் கண்டலுக்கு மட்டும் உரியவை. யாரும் நடாத, பலருக்குப் பெயரும் தெரியாத சிறுமரம் ஒன்று கரையின் மேட்டுப் பக்கத்தில் நிற்கிறது. வீடு கட்டவும் வீதி போடவும் கரையை நிரப்பும்போது முதலில் மண்ணுக்குள் போவது அதுதான். அந்தச் சிறுமரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கரையில் இறங்கிப் பார்ப்போம்

கண்டல் மரங்களை அடையாளம் காண்பது கடினமான கலை அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனால் இரண்டு மணித்தியாலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தண்ணீர் ஓரத்தில் சிலந்தி கால் ஊன்றியதுபோல வேர்களைப் பரப்பி நிற்பது ரைசோபோரா என்ற பெருங்கண்டல். இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். நடுகை விழாக்களில் நாம் கையிலெடுப்பது இந்த முளையைத்தான்.

சேற்றுக்கு மேலே பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்கள் நிரையாக நின்றால், பக்கத்தில் கண்ணா மரம் நிற்கிறது என்று கொள்ளலாம். இதன் இலைகள் எதிரெதிராக இருக்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் நிறமானது. வெயில் நேரத்தில் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிவது தில்லை. இந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. பிள்ளைகளை இதனருகே விடவேண்டாம்.

இனி எமது சிறுமரம். தண்ணீர் ஓரத்தைவிட்டுச் சற்று மேலே, மாரி காலத்திலும் உயர்ந்த நீர்மட்டத்திலும் மட்டும் நனையும் மணல் கலந்த களிநிலத்தில் இதைத் தேடவேண்டும். பற்றையாகவும் நிற்கும், சிறு மரமாகவும் வளரும். ஊன்று வேர்கள் இதற்கு இல்லை. பட்டை கருமையாக, சொரசொரப்பாக, நெடுக வெடித்திருக்கும். இலைகள் தடித்துச் சதைப்பற்றாக, அடி ஒடுங்கி நுனி அகன்று, ஒரு சிறு கரண்டிபோல இருக்கும். நுனியின் நடுவில் நகத்தால் கிள்ளிவிட்டதுபோல ஒரு பள்ளம் தெரியும். கிள்ளினால் பால் வராது. இலைகள் கொப்பின் நுனியில் கூட்டமாக அமைந்திருக்கும். இலைக் கக்கத்தில் சிறு கதிராக வெள்ளைப் பூக்கள் பூக்கும். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அவற்றை நாடி வரும். காய் ஒரு சென்ரிமீற்றர் அளவானது, சிறு குடத்தின் வடிவம் கொண்டது, நீரில் மிதக்கக்கூடியது.

தாவர நூல்களில் இதன் பெயர் லும்னிட்செரா ரசிமோசா. தமிழ்நாட்டில் இதைத் திப்பரத்தை என்கிறார்கள். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரக் கண்டற்காட்டிலும் இது உண்டு. கடுக்காய், தான்றி, மருது ஆகியவை சேர்ந்த குடும்பத்திலேயே இதுவும் அடங்கும். லும்னிட்செரா என்ற பேரினப் பெயரை வில்டெனோ என்ற ஜேர்மன் தாவரவியலாளர் 1803 இல் இட்டார். அக்காலத்து அங்கேரிய நாட்டுத் தாவரவியலாளர் லும்னிட்சரின் நினைவாக வைத்த பெயர் அது. எங்கோ இருந்த ஒருவரின் பெயரால் உலகம் இதை அழைக்கிறது. எமது கரையில் விறகு பொறுக்கும் அம்மாமாரிடமும் தோணித் தொழில் செய்த பெரியவர்களிடமும் இதற்கு ஒரு ஊர்ப்பெயர் இருந்தால், அது அவர்களோடு மறைந்துபோகுமுன் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

மேட்டுக்கரையின் காவலாளி

உப்புநீரில் மரம் வாழ்வது லேசான காரியமல்ல. ஒவ்வொரு கண்டலும் இதற்கு ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. பெருங்கண்டல் உப்பை வேரிலேயே வடித்துத் தடுத்துவிடுகிறது. கண்ணா உப்பை உள்ளே எடுத்து இலையின் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. திப்பரத்தை தன் தடித்த இலைகளில் நீரையும் உப்பையும் சேர்த்து வைத்து, முதிர்ந்த இலைகளை உதிர்த்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் கரையில் ஓர் இடம் உண்டு. எப்போதும் ஈரமான தாழ்ந்த பகுதி ஒன்றுக்கு, சில நாள் நனைந்து சில நாள் காயும் பகுதி மற்றொன்றுக்கு. கோடையில் வெடித்து உப்புப் பூக்கும் மேட்டுக்கரையில் நிற்கக்கூடியவை திப்பரத்தை, தில்லை போன்ற சில மரங்களே. வாவிக்கும் வயலுக்கும், வாவிக்கும் வீட்டு வளவுக்கும் இடையில் இவை ஒரு வேலிபோல அமைகின்றன. மாரி வெள்ளம் வளவு மண்ணைக் கழுவிக்கொண்டு வாவியில் இறங்கும்போது இந்த வேலியில் தடைப்பட்டு மண்ணில் ஒரு பகுதி கரையிலேயே தங்குகிறது. உதிர்ந்த இலைகள் உக்கி நீரில் சேர, அதை உண்ணும் சிற்றுயிர்களை இறாலும் நண்டும் மீன்குஞ்சும் உண்கின்றன. அத்தாங்கும் வீச்சு வலையும் கொண்டு பிழைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கரை ஒரு முதலீடு.

எமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு அது கலப்பது பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும்தான். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும். வாடைமழை பெய்யும்போது நீர் உயர்ந்து கரை மேவும். பெரிய வற்றுப்பெருக்கு இல்லாத இத்தகைய வாவியில் நீர்மட்டம் ஒரு சாண் வேறுபட்டாலே எந்த மரம் எங்கே பிழைக்கும் என்பது மாறிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்வோம். பின்னால் நடுகையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

ஒன்று தப்பியது, மற்றது தவிக்கிறது

லும்னிட்செரா சிறு பேரினம். உலகில் இதில் இரண்டே இனங்கள் உண்டு. ஒன்று வெள்ளைப் பூவுடைய எமது திப்பரத்தை. மற்றது கொப்பின் நுனியில் சிவப்புப் பூக்கொத்து வைக்கும் லும்னிட்செரா லிட்டோரியா. வெள்ளைப் பூவைப் பூச்சிகள் நாடுகின்றன, சிவப்புப் பூவைத் தேன்குடிக்கும் குருவிகள் நாடுகின்றன.

இரண்டும் இலங்கையில் உண்டு என்பது எமக்குப் பெருமை. ஆனால் சிவப்புப் பூ இனத்தின் நிலை கவலைக்குரியது. தென்மேற்குக் கரையில் பலப்பிட்டிக்கு அருகிலுள்ள மாது கங்கைக் கழிமுகம் போன்ற மிகச் சில இடங்களிலேயே அது எஞ்சியிருக்கிறது. மாது கங்கை 2003 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மரங்கள் அழிந்தால் இலங்கையில் அந்த இனத்தின் கதை ஏறத்தாழ முடிந்துவிடும். இந்தியாவிலும் இந்தச் சிவப்புப் பூ இனம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டுமே இருக்கிறது.

'எமது வெள்ளைப் பூ மரம் இன்னும் நிற்கிறதே, பிறகென்ன?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடக் கிழக்காசியாவுக்குப் போகவேண்டும்.

கிழக்கே நடந்தவை

இங்கே ஒரு சுவையான செய்தி. 'கண்டல்' என்ற எமது சொல் அறிவியல் நூல்களுக்குள்ளும் போயிருக்கிறது. கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த வான் றீட் என்பவர் மலையாளக் கரையின் தாவரங்களைத் தொகுத்து வெளியிட்ட பெரு நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக அம்ஸ்ரர்டாமில் வெளிவந்தது. அதிலே கண்டல் என்ற பெயர் பதிவாயிற்று. 1834 இல் வைற், ஆர்னற் என்ற இரு தாவரவியலாளர்கள் ஒரு சிறுமரப் பேரினத்துக்குக் 'கண்டேலியா' என்றே பெயர் சூட்டினார்கள். எமது வாவியில் அந்த மரம் இல்லை. சீனாவின் தென்கரையிலும் தாய்வானிலும் யப்பானின் தென் தீவுகளிலும் உள்ள கண்டேலியா தனி இனம் என்று 2003 இல் பிரித்தறியப்பட்டது. எமது சொல்லைப் பெயராகக் கொண்ட அந்த மரம் இன்று கிழக்காசியாவின் கண்டற்காடுகளில் முக்கியமானவற்றுள் ஒன்று.

அதே தாய்வானில் முன்பு ஆறுவகைக் கண்டல்கள் இருந்தன. இன்று நான்கு மட்டுமே இருக்கின்றன. தெற்கே கவுசியுங் துறைமுகத்தை விரிவாக்கக் களப்பைத் தூர்த்தபோது இரண்டு வகைகள் அந்தத் தீவிலிருந்தே அற்றுப்போயின. அவை உலகில் அரியவை அல்ல. வேறு நாடுகளில் ஏராளமாக உண்டு. ஆனால் தாய்வான் மக்களுக்கு அவை இல்லாமற் போய்விட்டன. எஞ்சிய நான்கில் எமது திப்பரத்தையும் ஒன்று. அது அத்தீவின் தென்மேற்குக் கரையில் மட்டும் தங்கியிருக்கிறது.

யப்பானிலோ திப்பரத்தை தென்கோடித் தீவுகள் சிலவற்றில் மட்டும் காணப்படுகிறது. அந்நாட்டு அரசு அதை அழியும் ஆபத்திலுள்ள தாவரமாகப் பட்டியலிட்டிருக்கிறது. சீனாவின் ஹைனான் தீவில் சிவப்புப் பூ இனம் சில நூறு மரங்களாகக் குறுகிவிட்டது. அங்கே ஆய்வாளர்கள் கண்ட ஒரு விடயம் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. மரங்கள் பூக்கின்றன, காய்க்கின்றன. ஆனால் காய்களை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை உள்ளே பருப்பில்லாத பதர். எண்ணிக்கை குறைந்து, எஞ்சிய மரங்கள் ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டால், வெட்டுவதை நிறுத்தினாலும் இனம் தானாகப் பெருகாது. கரையில் மரம் நிற்கிறது என்பதை மட்டும் கண்டு ஆறுதல் அடைய முடியாது. அதன் கீழே இளங்கன்று நிற்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும்.

எமது கரை எப்படிக் குறைகிறது?

மட்டக்களப்பு வாவியின் கண்டல்களுக்கு வந்த துன்பங்கள் பல. போர்க்காலத்தில் பாதுகாப்பைக் காரணம் காட்டி வீதியோரங்களிலும் பாலங்களை அண்டியும் கரைப் பற்றைகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. இடம்பெயர்ந்த மக்கள் அடுப்பெரிக்க வேறு வழியின்றிக் கண்டல் விறகை நம்பினார்கள். திப்பரத்தையின் மரம் வைரமானது. நன்றாக எரியும், கப்புக்கும் வேலிக் கட்டைக்கும் உதவும். பசியில் இருந்தவர்களைக் குறைசொல்ல முடியாது.

2004 மார்கழி 26 ஆம் திகதி சுனாமி வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி, கல்லடி, நாவற்குடாப் பகுதிகள் பட்ட பாட்டை இங்கு விவரிக்கத் தேவையில்லை. அதன்பின் கண்டல் சுனாமியைத் தடுக்கும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இலங்கைக் கரையோரக் களப்புகளில் நடந்த ஆய்வொன்று 2005 இல் வெளிவந்தது. உண்மையான கண்டல்கள் அடர்த்தியாக நின்ற இடங்களில் சேதம் குறைவு என்றும், பச்சையாகத் தோன்றினாலும் தரம் கெட்டுவிட்ட கண்டற்காடுகள் அதே பாதுகாப்பைத் தரவில்லை என்றும் அது கூறிற்று. ஆனால் எமது ஊர்களில் கண்டல் நிற்பது வாவிப் பக்கம். அலை வந்ததோ கடற்பக்கம். வாவிக்கரைக் கண்டல் கடலலையை மறித்து எம்மைக் காப்பாற்றும் என்று மக்களிடம் சொல்வது சரியல்ல. வாவிக் கண்டல் எமக்குத் தருவது மீன், மண்ணரிப்புத் தடுப்பு, வெள்ள காலப் பாதுகாப்பு ஆகியவை. அவையே போதிய காரணங்கள்.

போர் 2009 இல் முடிந்த பின்னர் வேறொரு நெருக்கடி வளர்ந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் காணி அரிது. பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு துண்டுக் காணி வேண்டும் என்பது ஒவ்வொரு பெற்றாரின் கவலை. வளவின் பின்புறம் வாவியில் முடிகிறது. முதலில் குப்பை கொட்டுகிறோம். பிறகு உடைந்த கல், கொங்கிறீற்றுத் துண்டுகள். பிறகு இரண்டு லொறி கிறவல். ஓர் ஆண்டு கழித்து வேலி பத்தடி முன்னே போகிறது. இப்படிப் போவது தண்ணீர் அல்ல, தண்ணீருக்கும் காணிக்கும் இடைப்பட்ட மேட்டுக்கரை. திப்பரத்தையின் வீடே அதுதான். பெருங்கண்டல் தண்ணீருக்குள் நிற்பதால் தப்பிக்கொள்ளும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குக் கரை பச்சையாகவே தெரியும். ஆனால் உள்ளே ஒரு வரிசை காணாமற் போயிருக்கும்.

நிரப்பியவருக்கும் இதனால் நன்மையில்லை. மாரி வெள்ளம் முன்பு பரந்து நின்ற இடம் இப்போது மேடு. அந்த நீர் பக்கத்து வளவுக்குள் போகும், அல்லது அவரது கிணற்றடிக்கே வரும்.

நட்டவை ஏன் பிழைக்கவில்லை?

சுனாமிக்குப் பின் நாடெங்கும் பெருமளவில் கண்டல் நடப்பட்டது. நிதி வந்தது, ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். எமது பகுதியிலும் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சி நின்ற நடுகைகளைக் கண்டிருக்கிறோம்.

றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெல்ஜிய ஆய்வாளர்களோடு சேர்ந்து இலங்கையில் நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்திருந்தது கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும். மொத்தத்தில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியது.

காரணங்கள் எமது விவசாயிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். பொருந்தாத நிலத்தில் நட்டார்கள். சில இடங்கள் மிகத் தாழ்வு, சில மிக மேடு. நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாடு மிதித்தது, ஆடு கடித்தது, பாசி மூடியது, பூச்சி அரித்தது. பராமரிப்பு இருந்த இடங்களில் கன்று பிழைத்தது. நெல்லை மேட்டிலும் மரவள்ளியைச் சேற்றிலும் நட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் விவசாயி உண்டா? கண்டலில் நாம் அதைத்தான் செய்தோம்.

நட்டதில் பெரும்பகுதி பெருங்கண்டலே. அதன் முளை பெரியது, பொறுக்குவது சுலபம், குத்தினால் நிற்கும், விழாவுக்கு அழகு. திப்பரத்தையின் காயோ சுண்டுவிரல் நகமளவு. அதை நாற்றுமேடையில் போட்டு, நீரூற்றி, மாதக்கணக்கில் வளர்க்கவேண்டும். ஆகவே யாரும் அதை நடவில்லை. மேட்டுக்கரையை நிரப்பி அழித்துவிட்டு அதற்கு ஈடாகத் தண்ணீருக்குள் பெருங்கண்டலை நடுவது, வயலை விற்றுவிட்டு வரம்பில் புல் வளர்ப்பது போன்றது.

நல்ல செய்தியும் உண்டு. இந்தத் தவறுகளிலிருந்து நாடு கற்றுக்கொண்டது. நிலத்தை ஆராய்ந்து, நீரோட்டத்தைச் சீர்செய்து, இயற்கையாக முளைப்பதற்கு இடம்கொடுக்கும் முறைக்கு இலங்கை மாறியதைப் பாராட்டி, 2024 மாசி மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகுக்கு முன்மாதிரியான திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

இரண்டு முன்மாதிரிகள்

நீர்கொழும்புக் களப்பில் மீனவர் கண்டற் கிளைகளைக் குவியலாக நீருக்குள் இட்டு, அதில் வந்து தங்கும் மீனைச் சில வாரங்களின் பின் பிடிப்பார்கள். அதற்கு வெட்டிய கிளை தொடர்ந்து தேவை. ஆகவே அங்குள்ள சில குடும்பங்கள் தமக்கென்று கண்டலை நட்டு, கவாத்துச் செய்வதுபோல அளவாக வெட்டிப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. பயன் தெரிந்தவர் மரத்தின் அடியை வெட்டமாட்டார்.

மற்றவர் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த கல்லேன் பொக்குடன். 1937 இல் ஒடுக்கப்பட்ட சாதியொன்றில் பிறந்த கூலி விவசாயி. பழையங்காடிப் பகுதியில் ஆற்றோர வரம்பு வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைக் காற்றும், வரம்பை அலையும் தாக்குவதைக் கண்டு, 1989 இல் கண்டல் நடத் தொடங்கினார். முதலில் அவரைக் கேலி செய்தார்கள். 2015 இல் அவர் காலமானபோது 'கண்டல் பொக்குடன்' என்றே நாடு அவரை அறிந்திருந்தது. பெரிய நிதியோ பெரிய படிப்போ அவரிடம் இருக்கவில்லை. தினமும் அந்தக் கரைக்குப் போய்வரும் கால்கள் இருந்தன. நட்டதைத் திரும்பப் போய்ப் பார்த்தவர் அவர்.

நாம் செய்யக்கூடியவை

கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், மீனவர் சங்கங்கள், பாடசாலைகள் ஆகியவை பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவற்றைக் கீழே தருகிறோம்.

1. கரையைப் பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரின் வாவிக்கரையை நூறு நூறு அடியாக அளந்து, எங்கே எந்தக் கண்டல் நிற்கிறது, அதன்கீழ் இளங்கன்று உண்டா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளும் ஒரு மூத்த மீனவரும் சேர்ந்தால் இரண்டு நாள் வேலை. ஊர்ப்பெயர்களையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் திரும்பப் பாருங்கள்.

2. நிற்பதைக் காப்பதே முதல் வேலை. நூறு கன்று நடுவதைவிடக் காய்க்கும் ஒரு மரத்தை நிரப்பலிலிருந்து காப்பது மேல். கரையில் கிறவல் கொட்டுவதைக் கண்டால் திகதியோடு படம் எடுத்து, சங்கத்தின் பெயரில் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் கடிதம் கொடுங்கள். கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் வனத் திணைக்களத்துக்கும் பிரதி அனுப்புங்கள். தனி ஒருவர் போனால் பகையாகும். சங்கமாகப் போனால் ஊர் விடயமாகும். அதற்கு முன் நிரப்புபவரோடு பேசிப்பாருங்கள். அவரும் எமது சொந்தக்காரரே.

3. நீர் வழியைத் திறவுங்கள். வீதி போட்டபோது அடைபட்ட மதகுகள், குப்பையால் மூடிய கான்கள் ஆகியவற்றைச் சிரமதானத்தில் துப்புரவாக்கினால், நீர் ஏறி இறங்கும். பக்கத்தில் தாய்மரம் இருந்தால் மிதந்து வரும் காய் தானே முளைக்கும். நடாமலே கண்டல் வருவதற்கு இதுவே சிறந்த வழி.

4. நாற்றுமேடை அமைப்பதானால் திப்பரத்தையையும் சேருங்கள். முற்றி விழுந்த காய்களைப் பல மரங்களின் கீழிருந்து எடுங்கள். ஒரே மரத்தில் எடுக்கவேண்டாம். பத்துக் காயைக் கத்தியால் பிளந்து பருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பதர் அதிகமென்றால் அதற்கேற்பக் கூடுதலாக எடுக்கவேண்டும். வாவிச் சேறும் மணலும் கலந்த மேடையில் தூவி, நிழலில் ஈரமாக வையுங்கள். முளைத்தவற்றைப் பொலித்தீன் பைகளுக்கு மாற்றி, முதலில் நன்னீரும் பின்னர் சிறிது சிறிதாக வாவி நீரும் ஊற்றிப் பழக்குங்கள்.

5. இடத்தை மரத்திடம் கேளுங்கள். இயற்கையாகத் திப்பரத்தை நிற்கும் மட்டத்தைக் கயிறு கட்டிப் பார்த்து, அதே மட்டத்தில் மட்டும் நடுங்கள். மீன்குஞ்சு வளரும் நீர்ப்புல் திடலிலும் திறந்த சேற்று வெளியிலும் எதையும் நடவேண்டாம். இரண்டு மாரி கழியும்வரை ஆடு மாடு நுழையாமல் வேலி இருக்கட்டும்.

6. விறகுக்கு மாற்று வழி வேண்டும். வளவு வேலியில் கிளிசிறிடியாவும் முருங்கையும் நட்டால் கொப்பு வெட்ட வெட்ட வரும். தென்னோலை மட்டையும் சிரட்டையும் வீணாக எரிபடாமல் அடுப்புக்குப் போகட்டும். 'வெட்டாதே' என்று மட்டும் சொல்லி, அடுப்பைப் பற்றிப் பேசாத திட்டம் நிலைக்காது.

7. உதவி வந்தால் கேள்வி கேளுங்கள். எந்த நிறுவனமாவது கண்டல் நட வந்தால் நான்கு கேள்விகளைப் பணிவாகக் கேட்கலாம். எந்த வகை? ஏன் இந்த இடம்? இரண்டாம் ஆண்டில் யார் பார்ப்பது? பிழைத்தவற்றை யார் எண்ணுவது? விடை இல்லையென்றால் அந்தப் பணத்தை மதகு துப்புரவுக்கும் வேலிக்கும் தரும்படி கேட்போம்.

ஆண்டுதோறும் ஆடி 26 ஆம் திகதி உலகக் கண்டல் நாள். அன்று முளை குத்தும் விழா பல இடங்களில் நடக்கும். அது நடக்கட்டும். அதோடு, எமது ஊரில் கரையோர நடை ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். கரண்டி போன்ற தடித்த இலை, நுனியில் சிறு பள்ளம், கிள்ளினால் பாலில்லை என்று பிள்ளைகள் தாமே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தவர்கள் மரங்களை எண்ணட்டும். பிறகு அதன் நிழலில் குனிந்து, இளங்கன்று எத்தனை என்று எண்ணட்டும்.

நொச்சியும் நாவலும் தாழையும் தில்லையும் ஊர்ப்பெயர்களில் பிழைத்திருக்கின்றன. திப்பரத்தைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கரையில் நிற்கும் இடம் மட்டுமே அதற்கு உண்டு. அந்த இடத்தை அடுத்த மாரிக்குள் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, நீங்கள் கண்டதையும் உங்கள் ஊரில் அதற்கு வழங்கும் பெயரையும் எமக்கு எழுதுங்கள்.